விளக்குக்கம்பத்துக்கு மேலே

சிமென்ட் மூட்டை ஏற்றிய வண்டி அந்த மேட்டில் பாதி தூரம் தானாக ஏறும். சாலையோரம் சாய்ந்து நிற்கும் விளக்குக்கம்பத்தை எட்டியதும் இஞ்சினின் குரல் தாழும். அதற்கு மேல் ஆள் இறங்கியாக வேண்டும். ஒரு கையால் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே தோளைக் கம்பியில் கொடுத்துத் தள்ள வேண்டும். மேட்டின் உச்சியில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கீழே டிப்போவில் மூட்டை ஏற்றுகிற எல்லா வண்டிக்காரர்களும் அந்தக் கம்பத்தடியில் இறங்கித் தள்ளியவர்கள்தான். டிப்போவில் ஒருவன் சோர்ந்து போய் வந்தால், "என்னப்பா, கம்பம் கடிச்சிடுச்சா?" என்று கேட்பார்கள்.

மெக்கானிக்கின் அக்கா புருஷனையும் அது கடித்தது. பழைய பைக் ஒன்றின் முன்பாதியை வெட்டி, பின்னால் இரண்டு சக்கரமும் பலகைத் தட்டும் வைத்து மெக்கானிக் கட்டிக்கொடுத்த வண்டி அவருடையது. அதில் இருந்தது சின்ன டூ ஸ்ட்ரோக் இஞ்சின். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினால் ஓடும், தண்ணீர் குடம் அளவுகூட இருக்காது. வருஷக்கணக்காகத் தள்ளியதில் வண்டிக்காரருக்கு அடிவயிற்றில் ஒன்று புடைத்தது. அமுக்கினால் உள்ளே போனது, இருமினால் வெளியே வந்தது. குடலிறக்கம் என்றார்கள். அறுத்து, உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள்.

"ஓட்டலாம். தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது," என்றார் டாக்டர். "வலை பிய்ஞ்சா அடுத்த தடவை நான் இப்படிச் சிரிச்சுக்கிட்டு பேச மாட்டேன்."

மறுபடி வண்டி எடுத்த நாளிலிருந்து அக்கா தள்ளினாள். தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, காலையிலிருந்து கம்பத்தடியில் நிற்பாள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை எப்போதும் கையில் இருக்கும். வண்டி வந்ததும் பின்கம்பியில் தோளைக் கொடுப்பாள். தோல் உரியாமல் இருக்கக் கம்பியில் பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தாள். அவர் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். முன்னால் இஞ்சின் கத்தும், பின்னால் அவள் மூச்சு வாங்கும். இரண்டையும் கேட்டுக்கொண்டே மேட்டைக் கடப்பார்.

ஒட்டடைக்குச்சி என்று ஒரு வண்டிக்காரன். ஆளும் அப்படித்தான், நெடுநெடுவென்று, தலை மட்டும் பரட்டை. அவன் ஒரு நாள் கம்பத்தடியில் கேட்டான்: "என்னண்ணே, ரெட்டை இஞ்சின் போட்டுட்டீங்க போல? மைலேஜ் எப்படி?"

வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா குனியவில்லை. "மைலேஜை உன் பொண்டாட்டிகிட்ட கேளு. இத்தனை வருஷமா உன்னையே தள்ளிக்கிட்டு இருக்கா, அவளுக்குத்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டடைக்குச்சியும் சிரித்தான். அன்று மத்தியானமே வண்டிக்காரர் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, ரேஸ் பசங்களுக்கு இஞ்சினை அறுத்து வேகம் ஏத்திக் குடுப்பியே. அதை இதுக்குப் பண்ணு."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அது காலி ரோட்டுல பறக்கறதுக்கு மாமா. மூட்டை இழுக்கறதுக்கு இல்ல."

"பறக்க வேணாம். கம்பத்துக்கு மேல ஏறினா போதும்."

"பின்னாடி பல்சக்கரத்தைப் பெரிசாக்கிக் குடுத்தேனே?"

"குடுத்த. அதனாலதான் கம்பம் வரைக்காவது போகுது. இன்னும் பெரிசு போட்டா செயின் ரோட்டைப் பெருக்கும்னு நீதான் சொன்ன."

"சிலிண்டரை அறுத்தா அறுத்ததுதான். திரும்ப ஒட்ட முடியாது. சூடு கூடும். இஞ்சின் ஆயுசு பாதியாயிடும்."

வண்டிக்காரர் பின்கம்பியில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "உங்க அக்கா ஆயுசு என்ன ஆகுதுன்னு ஒரு நாள் கம்பத்தடியில வந்து பாரு," என்றார்.

அவன் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

அந்த வேலையில் அவனுக்குக் கை உண்டு. டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் சிலிண்டரின் சுவரிலேயே துளைகள் இருக்கும். ஒன்றின் வழியே புதுக் காற்றும் பெட்ரோலும் வரும், இன்னொன்றின் வழியே எரிந்த புகை போகும். பிஸ்டன் ஏறி இறங்குவதுதான் அவற்றுக்குக் கதவு. ரேஸ் வண்டி என்றால் புகைத்துளையை உயரமாக அறுப்பான். வேகத்தில் சீறும், ஆனால் மெதுவாகப் போகையில் இழுவை செத்துவிடும். இதற்கு அது ஆகாது. சிலிண்டருக்குள் காகிதத்தை அழுத்தித் துளைகளின் அச்சை எடுத்தான். அதில் பென்சிலால் கோடு போட்டு, உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் கூட்டினான். உருட்டு அரத்தை ஒரே பக்கமாக இழுத்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் வேலை. ரொம்ப அகலமானால் பிஸ்டன் ரிங் துளைக்குள் பிதுங்கி, விளிம்பில் மாட்டி உடையும். அறுத்த விளிம்புகளை நகத்தால் தடவினால் தட்டாத அளவுக்கு மழுக்கினான். சிலிண்டர் மூடியைக் கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாள் போட்டு, எட்டு மாதிரிச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தான். மூடி தேயத் தேய உள்ளே அழுத்தம் கூடும். கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைப் பெரிதாக்கினான். சைலன்சருக்குள் இருந்த தடுப்பில் பாதியை வெட்டி எடுத்தான்.

அக்கா ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். கீழே விழுந்திருந்த இரும்புத் தூளைக் காலால் ஒதுக்கினாள். "இவ்வளவுதானா? நான் என்னவோ பெரிய பெரிய துண்டா வெட்டுவியோன்னு நினைச்சேன்."

"பெரிய துண்டா வெட்டினா அது கசாப்புக் கடை அக்கா."

"நீ எதுக்கும் பாத்துச் செய்டா. அவரு உன் மேல பாரத்தைப் போட்டுட்டாரு."

சோதனை ஓட்டத்துக்கு முழு மூட்டை ஏற்றச் சொன்னான். பாதி ஏற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. வண்டிக்காரர் சீட்டில் உட்கார்ந்தார். அக்கா கட்டையோடு பின்னால் நடந்தாள். மெக்கானிக் பக்கத்தில் ஓடினான். கம்பம் வந்தது. அக்கா பழக்கத்தில் குனிந்து தோளை நீட்டினாள். கம்பி அவள் தோளுக்கு வரவில்லை. குரல் தாழவே இல்லை. வண்டி அவளை விட்டு விலகி மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டியபடி நாலு எட்டு ஓடிப் பார்த்தாள். பிறகு கட்டையை ரோட்டில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து, "வீட்டுல நாற்காலி இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

உச்சியில் இஞ்சினை அணைத்து மெக்கானிக் பிளக்கைக் கழற்றினான். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, இஞ்சின் வேகிறது என்று அர்த்தம். அதை இருவருக்கும் காட்டினான்.

"வாரா வாரம் என்கிட்ட கொண்டாந்து காட்டு மாமா. மூட்டை கூட ஏத்தச் சொல்வாங்க, ஏத்தாதே. இன்னொண்ணு. ஓடிக்கிட்டு இருக்கும்போது சத்தம் மாறி இறுகற மாதிரி தெரிஞ்சா, யோசிக்காம கிளட்சைப் பிடி. பிடிச்ச பிடியை விடாதே."

இஞ்சின் அறுத்துக் கொடுத்த ஒவ்வொரு ரேஸ் பையனுக்கும் அவன் சொல்வது அது. வேகமாகப் போகையில் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரோடு இறுகினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஆளைத் தூக்கி அடிக்கும். கிளட்சைப் பிடித்தால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறும், வண்டி உருண்டு போய் நிற்கும். பிடிக்க மறந்த ஒருவனின் முகத்தை அவன் பார்த்திருக்கிறான். அதனால் அந்த வார்த்தை அவன் வாயில் தானாக வரும்.

வண்டிக்காரர் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். "கிளட்சைப் பிடிக்கணும். விடக் கூடாது."

அக்கா தையல் கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். கட்டை வீட்டில் தண்ணீர் டிரம்முக்கு அடியில் போனது. டிப்போவில் மூட்டை கூட்டச் சொன்னார்கள். வண்டிக்காரர் முடியாது என்றார். "உன் இஞ்சினுக்கு இவ்வளவு திமிரு வந்த பிறகு உனக்கு வராதா?" என்றான் மேஸ்திரி. பரவாயில்லை என்று சிரித்துவிட்டு வந்தார். பிளக் வாரா வாரம் பிஸ்கட் நிறத்தில் இருந்தது. கம்பத்தைக் கடக்கும்போது அவர் ஹாரன் அடிப்பார். யாருக்கும் இல்லை, கம்பத்துக்கு.

வெயில் ஏறிய மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் ஒட்டடைக்குச்சி போன் செய்தான். "உங்க மாமாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். வண்டி மேட்டுல நிக்குது. வந்து பாரு."

மெக்கானிக் போனபோது கம்பத்துக்கு மேலே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வண்டி முழு மூட்டையோடு நின்றது. பின்சக்கரத்தில் ஒரு கல். ஒட்டடைக்குச்சியும் அவன் மனைவியும் பக்கத்தில் நின்றார்கள்.

"நான் எங்க வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றேன்," என்றாள் அவள். "மேல உங்க மாமா வண்டி திடுக்குன்னு நின்னுச்சு. அப்புறம் பின்னால உருள ஆரம்பிச்சுது. நேரா எங்க மேல. அந்த மனுஷன் குதிச்சு வந்து பின்னால முதுகைக் குடுத்தாரு. நிறுத்திட்டாரு தம்பி. இவரு ஓடிப் போய் கல்லு கொண்டு வர்ற வரைக்கும் அப்படியே பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. கல்லை வச்சதும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு."

மெக்கானிக் கிக்கரை அமுக்கிப் பார்த்தான். பாறை மாதிரி இருந்தது. இஞ்சின் இறுகிவிட்டது.

"இந்தக் கல்லு சின்னதுப்பா, எனக்கு நம்பிக்கை இல்ல," என்று சொல்லிக்கொண்டே ஒட்டடைக்குச்சி பெரிய கல் ஒன்றை உருட்டி வந்தான். பழைய கல்லைக் காலால் தட்டினான். தட்டிய வேகத்தில் அது சாக்கடைக்குள் ஓடியது. மூன்று பேரும் துள்ளி விலகினார்கள்.

வண்டி அசையவில்லை.

"அட, நிக்குதே!" என்றான் ஒட்டடைக்குச்சி. "கல்லே இல்லாம நிக்குது!"

"பிரேக் பிடிச்சிருக்கும்," என்றான் மெக்கானிக். மிதித்தால்தான் அந்தப் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விட்டுவிடும். அதுவும் பின்னால் உருளும் வண்டியைப் பாதிதான் பிடிக்கும். அவன் கட்டிய வண்டி அது, அவனுக்குத் தெரியும். கியர் விழுந்தே இருந்தது. இறுகிய இஞ்சின் சக்கரத்தை முட்டுக்கட்டை போலப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலில் நின்றபோதும் அதுதான் பிடித்தது. கிளட்சைப் பிடித்ததால்தான் வண்டி உருண்டது. அவர் கிளட்சை விட்டுக் குதித்த நொடியிலேயே சக்கரம் மறுபடி பூட்டியிருக்கும். தானாக நின்றுவிட்ட வண்டியில்தான் அவர் முதுகைக் கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அவன் பெரிய கல்லைச் சக்கரத்தில் வைத்தான். நிமிர்ந்தபோது ஒட்டடைக்குச்சி, "என்ன, முகம் இப்படிப் போச்சு? இஞ்சின்தானே, போனா போகுது," என்றான்.

ஆஸ்பத்திரியில் வண்டிக்காரரை இரண்டாம் முறை அறுத்தார்கள். வலை பிய்ந்து குடல் மாட்டிக்கொண்டிருந்தது, அதில் கொஞ்சத்தை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் முன்பு சொன்னபடியே சிரிக்கவில்லை. பிழைத்துக்கொள்வார், ஆனால் வண்டி ஓட்டுவது இனி கிடையாது என்றார்.

பேச்சு வந்ததும் அவர் மெக்கானிக்கைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ சொன்னபடியே செஞ்சேன் மாப்ள. சத்தம் மாறுச்சு, உடனே கிளட்சைப் பிடிச்சிட்டேன். வண்டி உருளுது. பிரேக் போட்டா நிக்கல. பின்னால அந்தப் பொம்பளை வர்றா. குதிச்சிட்டேன்." மூச்சு வாங்கினார். "அவ்வளவு மூட்டையும் என் முதுகுல நின்னுச்சு. ஆபரேஷன் பண்ணின ஆளு. நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு மாமா."

பக்கத்துக் கட்டில்காரர் ஒருக்களித்துப் படுத்து, "கேட்டுக்கிட்டே இருக்கேன். காலையிலேர்ந்து நாலாவது தடவை சொல்றாரு," என்றார். "ஆனா கேக்கலாம்."

வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஷெட்டில் சிலிண்டரைக் கழற்றியபோது அக்காவும் இருந்தாள். பிஸ்டனின் பக்கங்கள் உருகி, சீப்பால் இழுத்தது போல் கோடு கோடாகச் சுவரில் அப்பியிருந்தன. புகைத்துளையின் விளிம்பு சரியாக இருந்தது. ரிங் மாட்டவில்லை. பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளை. போன வாரம் பிஸ்கட்டாக இருந்தது.

"பெட்ரோல் யாரு கலக்கறது?"

"நான்தான். எப்பவும் நான்தானே."

"எண்ணெய் பழைய அளவுதானே ஊத்தின?"

அக்கா நிமிர்ந்தாள். "கூட ஊத்தினேன்டா. இந்த வாரம் வெயில் என்ன வெயில். நீதான் சூடு கூடும், ஆயுசு குறையும்னு சொன்னியாமே. வேலை கூடினா உடம்புக்கு எண்ணெய் கூடத்தானே வேணும்? மூடிக்கு ஒண்ணரை மூடியா ஊத்தினேன்."

அவன் அரத்தைத் துடைத்தான். சொல்லாமல் விடலாம். ஆனால் எந்த இஞ்சின் போட்டாலும் கலக்கப் போவது அவள்தான்.

"அக்கா, ஜெட்டுல போறது ஒரே அளவுதான். அதுல எண்ணெய் கூடினா பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைஞ்சா சூடு ஏறும். பழைய இஞ்சினா இருந்தா தாங்கியிருக்கும். நான் அறுத்து, தாங்கற எல்லையோட ஓரத்துல நிறுத்தி வச்சிருந்தேன். அது தாங்கல."

"கூட ஊத்தினதாலயா எரிஞ்சுது?"

"ஆமா."

அவள் உருகிய பிஸ்டனைக் கையில் வாங்கினாள். கட்டை விரலால் அந்தக் கோடுகளைத் தடவினாள். அழவில்லை. "அளவு மாத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"தோணல அக்கா. மாறாத ஒண்ணை எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

அவள் போய்விட்டாள். கிளட்ச் விஷயத்தை அவன் அவளிடம் சொல்லவில்லை. அவள் குற்றத்தைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடிதான் ஆனது.

வண்டிக்காரர் வீட்டுக்கு வந்து சுவரோரம் படுத்தார். பார்க்க வருகிறவர்களுக்கு மூட்டை நின்ற கதையைச் சொன்னார். ஒட்டடைக்குச்சியின் மனைவி பழம் வாங்கி வந்து காலைத் தொட்டாள். இனி எதற்கும் ஆகாத உடம்பில் அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கு மிச்சம் இருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியை அக்காவே ஓட்டப் போவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருக்க மறுபடியும் வேலையை விட்டவளைத் தையல் கம்பெனியில் சேர்க்கத் தயாராக இல்லை. டிப்போவில் ஒரு பொம்பளை ஓட்டுவதா என்று கேட்டார்கள். "தள்ளும்போது கேக்கலையே," என்றாள்.

மெக்கானிக் பழைய இரும்புக் கடையில் அரம் படாத சிலிண்டர் ஒன்றை, பிஸ்டனும் மூடியுமாகத் தேடிப் பிடித்து மாட்டினான். தடுப்பு வெட்டாத சைலன்சர், பழைய ஜெட். அறுத்த சிலிண்டரை வேறு யார் கைக்கும் போகாதபடி சுத்தியலால் உடைத்தான். மைதானத்தில் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தான். சீக்கிரமே கற்றுக்கொண்டாள். இஞ்சின் மறுபடி கம்பம் வரைதான் ஏறும். அதற்கு மேல் தள்ளுவதற்கு அவன் ஷெட்டைப் பாதி நாள் மூடுவது என்று முடிவாயிற்று. யாரும் சொல்லவில்லை, அவனே கம்பத்தடியில் வந்து நின்றான்.

முதல் சுமை. அக்கா மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. இது இறுகினாலும் கிளட்சைப் பிடிக்கணும், விடக் கூடாது. அவரு காலையில நாலு தடவை சொல்லி அனுப்பினாரு. அதானே?"

அவன் டிரம்முக்கு அடியிலிருந்து எடுத்து வந்த கட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"சமதரையில போறப்பதான் பிடிக்கணும். மேட்டுல இறுகினா கிளட்சைத் தொடாதே. இஞ்சினே சக்கரத்தைப் பிடிச்சுக்கும். கல்லே வைக்க வேணாம். சும்மா உக்காந்திரு."

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். கிளட்சை ஒரு தடவை அழுத்தி விட்டாள். மறுபடி அழுத்தி விட்டாள். பின்னால் ஒட்டடைக்குச்சி ஹாரன் அடித்தான். "என்னக்கா, நல்ல நேரம் பாக்கறியா? இறங்கி வந்து மாலை போடட்டுமா?"

அவள் திரும்பவில்லை. "அப்ப அவரு குதிச்சதும்..."

"கிளட்சை விட்டதுமே நின்னிருக்கும்."

"அவரு முதுகு குடுத்தது?"

அவன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேட்டில் ஒரு தண்ணீர் லாரி மெல்ல இறங்கி வந்து அவர்களைக் கடந்து போனது.

"எண்ணெய் விஷயத்தை அன்னிக்கே சொன்னியே," என்றாள் அக்கா. "இதையும் அன்னிக்கே சொல்லியிருக்கணும் நீ."

"ஆமாக்கா."

"அவருக்குத் தெரியக் கூடாது. எப்பவும். நீ குடிச்சிருந்தாலும், சாகக் கிடந்தாலும்."

"சரி."

"போ. பின்னால போ."

அவள் கிக்கரை உதைத்தாள். வண்டி கிளம்பியது. அவன் கட்டையோடு பக்கத்தில் நடந்தான். கம்பம் வந்ததும் இஞ்சினின் குரல் பழையபடி தாழ்ந்தது. அக்கா ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாள். அவன் பின்கம்பிக்குத் தோளைக் கொண்டு போனான். அவள் சுற்றிய துணி அங்கேயே இருந்தது, அவள் உயரத்துக்கு. அவன் இன்னும் குனிய வேண்டியிருந்தது. குனிந்து தள்ளினான்.